பரணில் கிடக்கும் தாத்தாவின் கேசட்டை ஆன்லைனில் விற்கலாமா? உரிமை யாருக்கு, பணம் யாருக்கு?

"பழைய வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறோம். பரண்ல தாத்தாவோட டிரங்குப் பெட்டி கிடக்கு. வந்து பார்க்கிறியா, இல்ல எடைக்குப் போட்டுடவா?"

ஊரிலிருந்து அம்மா இப்படிப் போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா நாகஸ்வர வித்வான். பெட்டிக்குள் ஒரு பழைய இசைத்தட்டு, ஒரு சினிமா பாட்டு ரெக்கார்டு, மூன்று கேசட்டுகள். கேட்க வீட்டில் பிளேயர் இல்லை. இருந்தாலும் டேப் சுற்றுமா என்பது சந்தேகம்தான்.

உடனே மனதில் ஒரு யோசனை ஓடும். 'இதையெல்லாம் டிஜிட்டலாக மாற்றி, டவுன்லோடாக விற்றால் என்ன? தாத்தா பெயரும் நிற்கும், நாலு காசும் வரும்.'

யோசனை நல்லதுதான். முன்பெல்லாம் இதற்கு ஒரு ரெக்கார்டு கம்பெனியின் தயவு வேண்டும். இப்போது ஆன்லைன் விநியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்தபடியே பாட்டைப் பதிவேற்றினால் ஐடியூன்ஸ், அமேசான், ஸ்பாட்டிஃபை என உலகம் முழுவதும் உள்ள கடைகளுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால், பதிவேற்றும் பக்கத்தின் கடைசியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். 'இந்த ஒலிப்பதிவை விற்கும் உரிமை எனக்கு இருக்கிறது' என்று நீங்கள் டிக் செய்ய வேண்டிய பெட்டி அது. பலரும் படிக்காமலே டிக் செய்துவிடுகிறார்கள். பிரச்சினை தொடங்குவதே அங்கேதான்.

ரெக்கார்டு என்னுடையதுதானே, பாட்டு என்னுடையது இல்லையா?

இல்லை. கடையில் காசு கொடுத்து நாவல் வாங்கினால் அந்தப் பிரதி உங்களுடையது. அதை நகலெடுத்து விற்கும் உரிமை உங்களுக்கு வராது. இசைத்தட்டும் அப்படித்தான். தட்டு வேறு, உரிமை வேறு.

இன்னொரு விஷயம், 'பழைய பாட்டுதானே, யாரு கேட்கப்போறா?' என்ற எண்ணம். பழசு என்பதற்குச் சட்டத்தில் ஒரே அளவு கிடையாது. ஒரு பாட்டுக்குள் நான்கு உரிமைகள் ஒளிந்திருக்கின்றன. நான்குக்கும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் கணக்கு இதுதான்:

• பாட்டின் வரிகள்: எழுதியவரின் ஆயுள், அதன் பிறகு 60 ஆண்டுகள்.

• மெட்டு: இசையமைத்தவரின் ஆயுள், அதன் பிறகு 60 ஆண்டுகள்.

• ஒலிப்பதிவு: வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து 60 ஆண்டுகள். இது தயாரித்தவருக்கு உரியது.

• பாடியவர், வாசித்தவர்களின் உரிமை: நிகழ்த்திய ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து 50 ஆண்டுகள். இதில் பக்கவாத்தியக்காரர்களும் அடக்கம்.

இந்த 60 ஆண்டுகள் முன்பு 50 ஆக இருந்தன. 1941-ல் மறைந்த ரவீந்திரநாத் தாகூரின் படைப்புகள் 1991 முடிவில் பொதுவுடைமையாக இருந்த நேரத்தில்தான் சட்டம் திருத்தப்பட்டு 60 ஆனது.

நான்கு கடிகாரமும் ஒரே நேரத்தில் நிற்காது என்பதற்கு நல்ல உதாரணம் 1944-ல் வந்த 'ஹரிதாஸ்'. எம்.கே.தியாகராஜ பாகவதரின் குரல் பதிவான அந்த இசைத்தட்டுகளின் காலம் இந்தியாவில் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால், பாடல்களை எழுதிய பாபநாசம் சிவன் மறைந்தது 1973-ல். அவரது வரிகளின் உரிமை 2033 முடிய இருக்கிறது. குரலுக்குத் தடையில்லை, வரிக்கு இருக்கிறது! பாகவதரின் தட்டை அப்படியே டிஜிட்டலாக்கி விற்றாலும் வரிகளின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் அனுமதி வாங்கியாக வேண்டும்.

இப்போது பெட்டியைத் திறப்போம்.

பொருள் 1: 1955-ல் வந்த இசைத்தட்டு

அரக்குத் தட்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் ஓடும். தாத்தாவின் ராக ஆலாபனை ஒரு பக்கம், தியாகராஜர் கீர்த்தனை மறுபக்கம்.

ஒலிப்பதிவின் 60 ஆண்டுகள் 2015 டிசம்பர் 31-ல் முடிந்துவிட்டன. வாசித்தவர்களின் 50 ஆண்டுகள் அதற்கும் முன்பே முடிந்தன. ஆலாபனை மனோதர்மம், அங்கே தனியாகப் பாடலாசிரியர் கிடையாது. தியாகராஜர் 1847-ல் மறைந்தவர். ஆக, இந்தியாவில் நான்கு கடிகாரமும் நின்றுவிட்ட தட்டு இது. பெட்டியிலேயே தெளிவான சரக்கு இதுதான்.

வெளியான ஆண்டை எப்படிக் கண்டுபிடிப்பது? வட்டத்துக்குள் 'பி' எழுத்தும் ஆண்டும் போடும் வழக்கம் 1970-களில்தான் பரவியது. அதற்கு முந்தைய தட்டுகளில் லேபிளில் இருக்கும் பட்டியல் எண்ணையும், நடுவில் பொறித்திருக்கும் எண்ணையும் வைத்துக்கொண்டு கம்பெனியின் பழைய விற்பனைப் பட்டியல்களோடு ஒப்பிட வேண்டும். இசைத்தட்டு சேகரிப்பாளர்கள் இதில் கில்லாடிகள். அவர்களிடம் கேட்டால் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள்.

பொருள் 2: 1972-ல் வந்த சினிமா பாட்டு ரெக்கார்டு

இதைத் திரும்ப உறையில் போட்டு வைத்துவிடுங்கள். ஒலிப்பதிவு உரிமை 2032 முடிய அந்தக் கம்பெனிக்கோ, அதை வாங்கியவருக்கோ உரியது. பாட்டு கண்ணதாசன் எழுதியது என்றால் வரிகளின் உரிமை 2041 முடிய இருக்கும். 'இந்தப் பாட்டு எங்கேயும் கிடைக்கலை, அதனால போட்டேன்' என்பது சட்டத்தின் முன் எடுபடாது.

பொருள் 3: 1984-ல் ஒரு கல்யாணத்தில் பதிவான கேசட்

பெட்டியில் இருப்பதிலேயே பெரிய பொக்கிஷம் இதுவாக இருக்கலாம். தட்டில் மூன்று நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டிய ராகத்தை, கல்யாணத்து ஜானவாசத்தில் தாத்தா முக்கால் மணி நேரம் வாசித்திருப்பார். சிக்கலும் இதில்தான் அதிகம்.

ஒலிப்பதிவின் 60 ஆண்டுக் கணக்கு 'வெளியான' ஆண்டிலிருந்து தொடங்குகிறது. இந்தக் கேசட் வெளியாகவே இல்லை. எனவே 'காலம் முடிஞ்சுபோச்சு' என்று சொல்ல வழியில்லை. உரிமை யாருக்கு? பதிவு செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவரைத்தான் சட்டம் தயாரிப்பாளர் என்கிறது. மைக் செட்காரர் தானாகப் பதிவு செய்தாரா, கல்யாண வீட்டார் சொல்லிப் பதிவு செய்தாரா, தாத்தாவே டேப் ரெக்கார்டரை வைத்துவிட்டு வாசித்தாரா? பதிலைப் பொறுத்து ஆள் மாறுவார்.

அடுத்து, வாசித்தவர்கள். அன்று மேடையில் தாத்தா மட்டும் இல்லை. இரண்டாவது நாகஸ்வரம், தவில் இரண்டு பேர், ஒத்து, தாளம். 50 ஆண்டுக் கணக்கில் அவர்களின் உரிமை 2034 முடிய வருகிறது. அவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள், இல்லாதவர்களின் வாரிசுகள் எங்கே என்று தேடி, எழுத்தில் சம்மதம் வாங்குவதுதான் முறை. வருவதில் எத்தனை பங்கு யாருக்கு என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். பத்து ரூபாய் வரும்போது யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு சினிமாக்காரர் வந்து பின்னணிக்கு அந்தத் துண்டு வேண்டும் என்று கேட்கும் நாளில்தான் எல்லோருக்கும் நினைவு வரும்.

இன்னொன்று, கல்யாணக் கச்சேரி என்றால் கடைசியில் நேயர் விருப்பம் இருக்கும். சீட்டு வந்திருக்கும், தாத்தாவும் இரண்டு சினிமா பாட்டு வாசித்திருப்பார். அந்த மெட்டுகளின் உரிமை இசையமைப்பாளர் பக்கத்தில் இருக்கிறது. அனுமதி வாங்க முடியாவிட்டால் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெளியிடுங்கள்.

பொருள் 4: 1996-ல் உள்ளூர் கம்பெனி போட்ட பக்திக் கேசட்

கம்பெனி மூடி எத்தனையோ வருடமாகிறது. அதற்காக உரிமை காற்றில் கரைந்துவிடாது. கம்பெனி செலவழித்துப் பதிவு செய்திருந்தால் ஒலிப்பதிவு 2056 முடிய அதற்கோ, அதை வாங்கியவருக்கோ, உரிமையாளரின் வாரிசுக்கோதான் சொந்தம்.

ஆனால், ஸ்டூடியோ வாடகையைத் தாத்தாவே கொடுத்துப் பதிவு செய்து, டேப்பைக் கம்பெனியிடம் வெளியிடக் கொடுத்தார் என்றால் கதை வேறு. அப்போது பழைய ஒப்பந்தத் தாளைத் தேடுங்கள். 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு எழுதிய ஒப்பந்தங்களில், எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றால் உரிமையை மாற்றிக் கொடுத்ததாகவே ஆகாது. இந்த மூன்று வரி தெரியாமல், தங்கள் சொந்தப் பதிவுகளையே 'கம்பெனிக்குக் கொடுத்தாச்சு' என்று மறந்துவிட்ட கலைஞர்கள் இருக்கக்கூடும்.

கேசட் அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். தயாரித்தவர், உரிமையாளர் ஆகியோரின் பெயர், முகவரி, முதலில் வெளியான ஆண்டு எல்லாம் அட்டையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பொடி எழுத்துதான் உங்கள் முதல் ஆவணம்.

பழைய ஒப்பந்தங்களில் இன்னொரு குழப்பமும் உண்டு. எழுபது, எண்பதுகளில் எழுதிய தாள்களில் 'டிஜிட்டல்' என்ற சொல்லே கிடையாது. ரெக்கார்டுக்கும் கேசட்டுக்கும் கொடுத்த உரிமை டவுன்லோடுக்கும் செல்லுமா? இளையராஜா பாடல்கள் தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகளாக நடந்த வழக்குகளைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அத்தனை பெரிய கலைஞருக்கே இதில் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்றால், நாம் தாளைப் படிக்காமல் இறங்கக் கூடாது.

பொருள் 5: ரேடியோவிலிருந்து பிடித்த கேசட்

வானொலியில் தாத்தா வாசித்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் டேப் ரெக்கார்டரில் பிடித்துக் கொடுத்தது. வீட்டில் கேட்கலாம், பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம். விற்க முடியாது. வானொலி நிலையம் பதிவு செய்த நிகழ்ச்சி நிலையத்தின் சொத்து. அது போதாதென்று ஒலிபரப்பியவருக்கு 25 ஆண்டுகளுக்குத் தனி உரிமையும் உண்டு.

இந்தியாவில் முடிந்தால் உலகம் முழுக்க முடிந்ததா?

இல்லை. இங்கேதான் விவரம் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். விநியோகஸ்தர் தளத்தில் 'எந்தெந்த நாடுகள்' என்று கேட்கும்போது பெரும்பாலும் 'உலகம் முழுவதும்' என்பது தானாகவே தேர்வாகி இருக்கும்.

முதல் பொருளான 1955 தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2016 முதல் தடையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுகளுக்கான காலத்தை 50 ஆண்டிலிருந்து 70 ஆக்கியபோது, அதற்குள் முடிந்துபோனவற்றுக்கு உயிர் கொடுக்கவில்லை. எனவே 1963-க்கு முன் வெளியானவை அங்கே பொதுவுடைமைதான். ஆனால், அமெரிக்கா 2018-ல் கொண்டுவந்த சட்டப்படி 1947 முதல் 1956 வரை வெளியான பதிவுகளுக்கு 110 ஆண்டுகள். அதாவது அந்தத் தட்டு அமெரிக்காவில் 2065 முடிய உரிமைக்கு உட்பட்டது!

ஆகவே, நாடுகளின் பட்டியலில் அமெரிக்காவை எடுத்துவிட்டுப் பதிவேற்றுவது பாதுகாப்பு. நியூஜெர்சி மாமாவால் வாங்க முடியாது என்பது வருத்தம்தான்.

பதிவேற்றும் முன் என்ன வேலை?

முதல் வேலை, டேப்பை அதற்குரிய கையில் கொடுப்பது. பூஞ்சை பிடித்த கேசட்டைப் பிளேயரில் போட்டு 'ஓடுதான்னு பார்க்கலாம்' என்று சுற்றினால், அந்த ஒரு முறையோடு அறுந்தும் போகலாம். பழைய அரக்குத் தட்டுக்கு அகலமான முள் வேண்டும். எல்.பி. ரெக்கார்டுக்கான மெல்லிய முள்ளை அதில் வைக்கக் கூடாது.

டிஜிட்டலாக மாற்றும்போது நேரடியாக எம்.பி.3 கேட்காதீர்கள். சர்வதேச ஒலி ஆவணக் காப்பகங்களின் வழிகாட்டுதல் குறைந்தபட்சம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பு என்கிறது. 96 கிலோஹெர்ட்ஸ் இன்னும் நல்லது. இந்த மூலக் கோப்பை எதுவும் செய்யாமல் இரண்டு மூன்று இடங்களில் பத்திரப்படுத்துங்கள். விற்பனைக்கான திருத்தமெல்லாம் நகலில்தான்.

அடுத்தது சுருதி. பழைய தட்டுகள் எல்லாமே சரியாக நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல. கேசட்டும் பிளேயருக்குப் பிளேயர் வேகம் மாறும். தாத்தா இரண்டு கட்டையில் வாசித்தது மூன்று கட்டையில் கேட்டால், அது அவர் வாசிப்பே இல்லை. வீட்டில் அவருடைய நாகஸ்வரம் இருந்தால், தெரிந்தவரை ஊதச் சொல்லி ஒப்பிடுங்கள். இரைச்சலை நீக்கும்போதும் கை அளவோடு இருக்கட்டும். அதிகமாகத் துடைத்தால் மென்பொருள் ஒத்தின் ஓசையையும் இரைச்சல் என்று நினைத்துத் தேய்த்துவிடும். இப்படிச் சுத்தம் செய்ததாலேயே புதிதாக 60 ஆண்டு உரிமை பிறந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பி இறங்காதீர்கள்.

பிறகு விவரங்கள். ஒவ்வொரு டிராக்குக்கும் 12 எழுத்து, எண்கள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு வேண்டும். ஆல்பத்துக்கு ஒரு பார்கோடு எண். இரண்டையும் விநியோகஸ்தர்களே பெரும்பாலும் தந்துவிடுவார்கள். அட்டைப்படம் 3,000-க்கு 3,000 பிக்சல் சதுரம்.

இதில் கவனம் தேவைப்படுவது பெயர்தான். 'ராஜரத்தினம்' என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். இனிஷியல் முன்னால், பின்னால், புள்ளியோடு, புள்ளியில்லாமல் என்று எழுதினால் கடைக்காரரின் கணினிக்கு அவர்கள் நாலு பேர். மாறாக, அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ராப் பாடகர் இருந்தால் தாத்தாவின் தோடி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஒரே எழுத்து முறையை முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள். தவில், தாளம் என எல்லோர் பெயரையும் அதற்கான கட்டங்களில் நிரப்புங்கள்.

எவ்வளவு பணம் வரும்?

உண்மையைச் சொல்லிவிடலாம். பெரிதாக வராது. ஆனால், எந்த வழியில் விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து 'கொஞ்சம்' என்பதற்கும் 'ஒன்றுமே இல்லை' என்பதற்கும் வித்தியாசம் உண்டு.

டவுன்லோடு விற்பனையைப் பெரிய வியாபாரமாக்கியது 2003-ல் தொடங்கிய ஐடியூன்ஸ். ஒரு பாட்டு 99 சென்ட், அதில் சுமார் 70 சென்ட் லேபிள் பக்கம் போனது. இந்தியாவில் ஃபிளிப்கார்ட் 2012-ல் 'ஃபிளைட்' என்ற டவுன்லோடு கடையைத் திறந்து, 2013 ஜூனில் மூடிவிட்டது. ஐடியூன்ஸ் கடை 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. அதற்குள் காற்று ஸ்ட்ரீமிங் பக்கம் திரும்பிவிட்டது.

பழைய செவ்வியல் இசைக்கு ஸ்ட்ரீமிங் கணக்கு ஒத்துவருவதில்லை. 30 விநாடி கேட்டால் ஒரு ஸ்ட்ரீம். மூன்று நிமிடக் குத்துப்பாட்டும் ஒரு ஸ்ட்ரீம், 45 நிமிட ஆலாபனையும் ஒரு ஸ்ட்ரீம். போதாக்குறைக்கு, கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத டிராக்குக்குப் பணமே கிடையாது என்ற விதியை ஸ்பாட்டிஃபை 2024-ல் கொண்டுவந்தது. தாத்தாவின் தோடியைத் தேடிக் கேட்பவர்கள் உலகம் முழுக்கச் சில நூறு பேர் என்றால், அங்கே வருமானம் பூஜ்யம்.

டவுன்லோடில் அந்தச் சில நூறு பேர் போதும். பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் விலையை நீங்களே வைக்கலாம். விரும்புபவர் கூடுதலாகவும் கொடுக்கலாம். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுத்துக்கொள்வது 15 சதவீதம், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. ஒரு கணக்குப் போடுவோம். ஆல்பம் 5 டாலர், வாங்குவோர் 40 பேர் என்றால் 200 டாலர். தளத்துக்கு 30 போக மீதி 170, அதில் பரிமாற்றக் கட்டணம் கழியும். டேப்பைச் சரிசெய்த செலவு கைக்கு வரலாம். அந்த 40 பேர் கையிலும் தரமான கோப்பு இருக்கும். நாளைக்குத் தளமே மூடினாலும் அது அழியாது. 'ஃபிளைட்' மூடிய பிறகும் அதில் டவுன்லோடு செய்து வைத்தவர்களிடம் பாட்டு இருக்கத்தானே செய்கிறது?

மற்ற விநியோகஸ்தர்களில் மூன்று வகை உண்டு. ஆல்பத்துக்கு ஒரு முறை கட்டணம் வாங்குபவர்கள், விற்பனையில் பங்கு எடுப்பவர்கள், ஆண்டுச் சந்தா கேட்பவர்கள். சந்தா வகையில் சில சேவைகளில் பணம் கட்டுவதை நிறுத்தினால் பாட்டு கடையிலிருந்து இறங்கிவிடும். குடும்பத்தில் ஒருவர் மட்டும் தன் கார்டில் கட்டிக்கொண்டிருந்தால், அவர் கார்டு காலாவதியாகும் நாளில் தாத்தாவும் காணாமல் போவார்.

வரி விஷயமும் உண்டு. அமெரிக்க விநியோகஸ்தர்கள் 'டபிள்யூ-8பென்' என்ற படிவம் கேட்பார்கள். நிரப்பாவிட்டால் அமெரிக்காவில் வரும் ராயல்டியில் 30 சதவீதம் பிடித்துவிடுவார்கள். பான் எண்ணோடு நிரப்பினால் இந்தியாவுடனான ஒப்பந்தப்படி 15 சதவீதம்.

எல்லாம் சரியாகச் செய்தும் சிக்கல் வருமா?

வரும். தாத்தாவின் 1955 தட்டை யூடியூபில் போட்ட மறுநாளே 'இது எங்கள் பாட்டு' என்று யாரோ ஒரு லேபிளின் பெயரில் கிளெய்ம் வரலாம். அதே தட்டை வேறு யாரோ தொகுப்பு ஆல்பத்தில் போட்டு, கன்டென்ட் ஐ.டி. கணினியில் ஏற்றியிருப்பார்கள். பொதுவுடைமையான பதிவுக்கு யாருக்கும் தனியுரிமை இல்லை, எனவே அதைக் கன்டென்ட் ஐ.டி-யில் ஏற்றக் கூடாது என்பதுதான் யூடியூபின் விதி. இருந்தாலும் ஏற்றுகிறார்கள். வெளியான ஆண்டுக்கான ஆதாரம் கையில் இருந்தால் துணிந்து மறுப்புத் தெரிவிக்கலாம். அதே விதி உங்களுக்கும் பொருந்தும். விநியோகஸ்தர் தளத்தில் 'யூடியூபில் பணம் வசூலிக்கவும்' என்ற வசதியை இந்தத் தட்டுக்குத் தேர்வு செய்யாதீர்கள்.

சில விநியோகஸ்தர்கள் பொதுவுடைமைப் பதிவுகளை எடுப்பதே இல்லை. எடுப்பவர்களும் ஆவணம் கேட்பார்கள். பொய்யாக டிக் செய்தால் பாட்டு நீக்கப்படலாம், கணக்கு முடக்கப்படலாம், அதுவரை சேர்ந்த பணம் நிறுத்தப்படலாம். தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது இந்தியச் சட்டம்.

உரிமையாளரைத் தேடியும் கிடைக்கவில்லை என்றால்? அதற்கும் சட்டத்தில் 31ஏ பிரிவில் வழி உண்டு. நாளிதழில் அறிவிப்பு கொடுத்துவிட்டு, வணிக நீதிமன்றத்தில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஒரு கேசட்டுக்கு இவ்வளவு செலவா என்று தோன்றும். நியாயம்தான். அப்படிப்பட்ட பதிவுகளை விற்காமல், டிஜிட்டலாக மாற்றிப் பாதுகாத்து, ஆய்வுக்குப் பயன்படும்படி ஏதாவது இசை ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் விடுவது பற்றிப் பேசிப் பார்க்கலாம்.

இது புதுச் சண்டையா?

இல்லை, தமிழ்நாட்டில் இதற்கு வயது முக்கால் நூற்றாண்டுக்கு மேல். பாரதியாரின் பாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்யும் உரிமை ஒரு காலத்தில் ஏ.வி.மெய்யப்பனிடம் இருந்தது. புத்தகமாக அச்சிடும் உரிமை வேறு இடத்தில். டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது உரிமைச் சண்டை வந்தது. 'பாரதி நாட்டுக்குச் சொந்தம்' என்ற குரல் வலுத்தது. 1949-ல் அன்றைய சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையை எடுத்துக்கொண்டது. மெய்யப்பன் தன்னிடமிருந்த உரிமையை விட்டுக்கொடுத்தார். வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி இந்தக் கதையைத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார்.

அன்று அந்தச் சண்டையை நடத்தியவர்கள் பெரிய மனிதர்கள். உரிமை எந்தத் தாளில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கல்யாணக் கேசட்டில் தவில் வாசித்தவரிடம் அப்படி ஒரு தாளும் இல்லை. அவருக்கு அன்று கிடைத்தது சம்பளமும், வெற்றிலைப் பாக்கும், ஒரு சாப்பாடும்தான். அந்த வாசிப்பு கேசட்டில் தங்கியது அவருக்குத் தெரிந்திருக்குமா என்றுகூடத் தெரியாது.

எனவே பெட்டியைத் திறந்ததும் லேப்டாப்பைத் திறக்க வேண்டாம். முதலில் ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு கேசட்டுக்கும் நாலு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். யார் வாசித்தது, யார் பதிவு செய்தது, யார் எழுதி மெட்டமைத்தது, எந்த ஆண்டு? அம்மாவுக்குத் தெரியாதது பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கும் தெரியாதது, ஊரில் இன்னும் இருக்கும் அந்த மைக் செட்காரருக்குத் தெரிந்திருக்கும். வயதானவர்கள், அதனால் அடுத்த லீவுக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.

இப்போதைக்கு அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, "எடைக்குப் போட்டுடாதம்மா, ஞாயிற்றுக்கிழமை வர்றேன்" என்று சொல்லிவிடுங்கள்.